அமெரிக்க நாட்டுப்புறம் போன அயர்லாந்துக் குடும்பங்கள்: எந்தக் கதை நிஜம், எந்தத் தாளை வைத்து?

வைகைவடகரை:

அடுத்த மாதம் செல்லூரில் வாசகர் வட்டக் கூட்டம், ஒரு மணி நேரப் பேச்சு. தலைப்பு 'ஊரை விட்டுப் போனவர்கள்'. முதல் பாதியில் 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் பட்டிதொட்டிகளில் போய் விழுந்த குடும்பங்கள். மறுபாதியில் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து கண்டிக்கும் மலாயாவுக்கும் போன நம்மவர்கள்.

முதல் பாதியில்தான் சிக்கல். வலையில் விசித்திரக் கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பத்துப் பக்கமும் ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்பது ஒன்றிலும் இல்லை. கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற தாசில்தார் இரண்டு பேர் வருவார்கள். "அதுக்கு ரெக்கார்டு என்ன?" என்று எழுந்து நின்று கேட்கக்கூடியவர்கள். ஆதாரம் கையில் இருக்கும் கதைகள் மூன்று நான்கு வேண்டும். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும், எங்கே தப்பு வரும் என்பதும் தெரிந்தால் நல்லது. அதே வழியில் நம் ஊர்க் குடும்பங்களைத் தேட முடியுமா?


ஓலைக்கட்டு:

தாசில்தார்கள் இருக்கும் சபை என்றால் ஆனி மூர் கதையில் தொடங்குங்கள். நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதல் ஆளாகப் பதிவான பெண். அயர்லாந்தில் கார்க் கவுன்டிக்காரி (கவுன்டி என்பது நம் ஜில்லா மாதிரி). குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் 'நெவாடா' கப்பலேறி, தம்பிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதிகாரிகள் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்தார்கள். இதுவரை தகராறு இல்லை.

அதற்கப்புறம் அவள் என்ன ஆனாள் என்பதில் ஊர் கதை கட்டிவிட்டது. மேற்கே டெக்ஸாஸ் போனாள், கல்யாணம் முடித்தாள், 1923இல் ஃபோர்ட் வொர்த் அருகே டிராம் மோதி இறந்தாள் என்று பல வருஷம் எழுதினார்கள். அந்த டெக்ஸாஸ் பெண்மணியின் வாரிசுகளை விழா மேடைகளில் உட்காரவும் வைத்தார்கள். மெகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் அந்த டெக்ஸாஸ் ஆனியின் மக்கள்தொகைக் கணக்கு வரிகளை எடுத்துப் பார்த்தார். பிறந்த இடம் என்ற பத்தியில் இல்லினாய் என்று இருந்தது. அமெரிக்காவில் பிறந்தவள் குடியேறியாக வந்து இறங்கியிருக்க முடியாதே. 2006இல் அசல் ஆனியைக் கண்டுபிடிப்பவருக்கு 1,000 டாலர் என்று அறிவித்தார். தம்பி பிலிப்பின் குடியுரிமைத் தாள் வழியாகக் குடும்பம் அகப்பட்டது. ஆனி மேற்கே போகவே இல்லை. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் சில தெருக்களுக்குள்ளேயே வாழ்ந்து, ஜெர்மானியர் வீட்டுப் பையனான ஜோசப் ஷேயரைக் கட்டி, 1924இல் இறந்தாள். கல்லறைக்குக் கல் வைத்ததே 2008இல்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, தம்பியைப் பிடித்துத்தான் அக்காவைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் 1922 வரை கட்டிய புருஷனின் குடியுரிமையே பெண்டாட்டிக்கும். தனித் தாள் இருக்காது, பேரும் மாறிவிடும். அக்கா தங்கையைத் தேடுகிறவர் முதலில் அண்ணன் தம்பியைத் தேடணும். இன்னொன்று வயது. கப்பல் பட்டியலில் ஆனிக்கு 13, உண்மையில் 17. கதையில் அன்றைக்கு அவளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள்! மூன்றும் மூன்று கணக்கு.

'எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் குடும்பப் பேரையே மாத்திட்டான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே இருந்த ஆள் புதிதாகப் பேர் எழுதுவதில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதிக்கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார். பேர் மாறியது பெரும்பாலும் பிற்பாடு, பள்ளிக்கூடத்திலும் சம்பளப் பட்டியலிலும், பல சமயம் குடும்பத்தார் விருப்பப்படியே.

எண் பிசகுக்கும் ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். 1847 மார்ச்சில், சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டுச் சுமார் பதினைந்து வருஷமே ஆன அமெரிக்கச் சாக்டா பழங்குடியினர், அயர்லாந்துப் பஞ்சத்துக்கு 170 டாலர் பிரித்து அனுப்பினார்கள். நிஜம். பிற்காலத்தில் யாரோ 710 என்று எழுத, அதுவே நூற்றுக்கணக்கான இடத்தில் ஒட்டிக்கொண்டது. 170க்கும் 710க்கும் நடுவே இடம் மாறியது இரண்டு இலக்கம்தான். அயர்லாந்துக்காரர்கள் அதை மறக்கவில்லை. மிடில்டன் ஊரில் 2017இல் நினைவுச் சிற்பம் வைத்தார்கள். 2020இல் அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோ, ஹோபி மக்களுக்குக் கொரோனா நிவாரணமாகப் பணம் அனுப்பினார்கள்.


கச்சேரிவாசல்:

ஆனி மூர் பட்டணத்துக் கதை. நாட்டுப்புறம்தான் வேண்டும் என்றால் அரிஸோனா அனாதைகள். நீதிமன்ற ஆவணம் உள்ளது, ஆகவே வாய்வழிக் கதை என்று யாரும் தள்ள முடியாது.

1904 அக்டோபரில் நியூயார்க் ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரியின் (பேர்தான் ஆஸ்பத்திரி, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம்) கன்னியாஸ்திரிகள் 40 குழந்தைகளை ரயிலில் அரிஸோனாவின் கிளிஃப்டன், மொரென்ஸி என்ற தாமிரச் சுரங்க ஊர்களுக்குக் கூட்டிப் போனார்கள். பெரும்பாலும் அயர்லாந்து வம்சக் குழந்தைகள். கத்தோலிக்கக் குடும்பத்தில்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஊரில் கத்தோலிக்கர் என்றால் மெக்ஸிகோக்காரச் சுரங்கத் தொழிலாளிகள். குழந்தைகளை அவர்கள் வீட்டில் விட்டார்கள். வெள்ளைக் குழந்தைகள் மெக்ஸிகோக்காரர் வீட்டில் வளர்வதா என்று ஊர் வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் துப்பாக்கியோடு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடுங்கினார்கள். 19 பேரைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். மீதி 21 பேர் கன்னியாஸ்திரிகளோடு திரும்பினார்கள். ஆஸ்பத்திரி வழக்குப் போட்டது. அரிஸோனா உச்ச நீதிமன்றம் பிடுங்கியவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1906 டிசம்பரில் இது எங்கள் வரம்பில் வராது என்று தள்ளிவிட்டது. நியூயார்க்கில் 'ஐரிஷ்' என்று தாழ்வாகப் பார்க்கப்பட்ட பிள்ளைகள் ரயிலை விட்டு இறங்கும்போது 'வெள்ளை' ஆகிவிட்டார்கள். இதைச் சபையில் தனியாக விளக்கவே வேண்டாம், நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும்.

அடுத்தது டஃபி வெட்டு (Duffy's Cut) என்ற இடம். பென்ஸில்வேனியாவில் மால்வர்ன் அருகே 1832இல் ரயில் பாதைக்கு மண் வெட்டி மேடு போட வந்த 57 அயர்லாந்துக் கூலிகள் சில வாரங்களில் மொத்தமாகச் செத்துப்போனார்கள். காலரா என்று சொல்லி ரயில் மேட்டு ஓரமே புதைத்தார்கள். ரயில் கம்பெனியின் ரகசியக் கோப்பு ஒன்று, கம்பெனித் தலைவரின் காரியதரிசி வீட்டில் தங்கி, அவருடைய பேரன்மார் கைக்கு வந்தது. பேரன்மார் இருவரும் வரலாறு படித்தவர்கள். அந்தக் கோப்பில் புதைகுழி மேல் பேய்கள் ஆடினதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னதும் இருக்கிறது. நம் ஊர்ப் புளியமரத்துக் கதை மாதிரி ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம், அவர்கள் போகவில்லை. நிலத்தை ஊடுருவும் ரேடார் வைத்துத் தேடி, 2009 மார்ச்சில் முதல் எலும்பு கிடைத்தது. கிடைத்த ஏழு பேரில் சிலருடைய மண்டையோட்டில் அடித்த காயம். காலரா மண்டையை உடைக்காது.

ஆள் அடையாளம் எப்படி? 1832 ஜூனில் அயர்லாந்தின் டெர்ரி துறைமுகத்திலிருந்து ஃபிலடெல்ஃபியா வந்த 'ஜான் ஸ்டாம்ப்' கப்பல் பட்டியலில் டொனிகலைச் சேர்ந்த 18 வயது ஜான் ரடி இருந்தான். ஓர் எலும்புக்கூடு அந்த வயசுக்குப் பொருந்தியது. அதில் மேல்வாய் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல் பிறவியிலேயே முளைக்கவில்லை. டொனிகலில் இருக்கும் ரடி குடும்பத்தில் அதே பல் இல்லாதவர்கள் உண்டு. 2013இல் அர்டாராவில் அடக்கம் செய்தார்கள். இதைப் பேசும்போது 'உறுதி' என்று சொல்லாமல் 'பொருந்துகிறது' என்று சொல்லுங்கள். பல்லும் வயசும் கப்பலும் மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன, அவ்வளவே.

கிரேஸ்வில் கதை இன்னொன்று. 1880இல் அயர்லாந்தின் கானமாரா கடலோரத்து ஏழைகள் 300 பேரளவில் மினசோட்டா புல்வெளியில் குடியமர்த்தப்பட்டார்கள். ஏற்பாடு பிஷப் ஜான் அயர்லண்டுடையது. குடும்பத்துக்கு 160 ஏக்கர், ஐந்து ஏக்கர் உழுது கொடுக்கப்பட்டது. மீன்பிடித்தும் பாறை இடுக்கில் உருளைக்கிழங்கு போட்டும் வாழ்ந்த சனத்துக்குப் புல்வெளி விவசாயம் தெரியாது. அக்டோபரிலேயே பனிப்புயல் வந்துவிட்டது. சோம்பேறிகள் என்று ஒரு பத்திரிகை, பட்டினி போட்டுவிட்டார்கள் என்று இன்னொரு பத்திரிகை. பலர் அடுத்த வருஷமே செயின்ட் பால் நகரத்து ரயில்வே வேலைக்குப் போய்விட்டார்கள். பத்திரிகையை மட்டும் நம்பினால் ஏதாவது ஒரு கட்சியில் சேர வேண்டியதுதான்.


அடங்கல்ஆறுமுகம்:

அண்ணே, தாசில்தார்மார் வர்றாங்கன்னா நிலத்துக் கோப்பைக் காட்டுங்க, சபையே நிமிர்ந்து உக்காரும்.

1862 மே 20 ஹோம்ஸ்டெட் சட்டம். 160 ஏக்கர் அரசு நிலம், மொத்தக் கட்டணம் 18 டாலர் அளவு, அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் வைக்கணும். குடிமகனா இருக்கணும், இல்லாட்டி குடிமகனாகப் போறேன்னு எழுதிக் குடுத்திருக்கணும். அதனால குடியுரிமைத் தாளின் நகல் அந்தக் கோப்புக்குள்ளேயே கெடக்கும். அஞ்சு வருஷம் முடிஞ்சதும் சாட்சி வைக்கணும். 1879க்கு அப்புறம் நாலு சாட்சி பேரைப் போட்டு உள்ளூர்ப் பத்திரிகையில விளம்பரம் குடுத்து, அதுல ரெண்டு பேர் வந்து சத்தியம் பண்ணணும். வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, கதவு ஜன்னல் எத்தனை, எத்தனை ஏக்கர் உழுதான், எத்தனை வருஷம் என்ன வெள்ளாமை, கிணறு உண்டா, நடுவுல எத்தனை நாள் ஊர்ல இல்ல, ஏன் இல்லன்னு எல்லாம் கேட்டு எழுதியிருப்பாங்க. நம்ம அடங்கல்லகூட இவ்வளவு கிடையாது. சாட்சிக்காரன் பெரும்பாலும் மச்சினன், அல்லது அதே ஊர்லேர்ந்து வந்த பக்கத்து நிலத்துக்காரன். சாட்சி பேரைத் தேடுனா அயர்லாந்து ஊர் கெடைக்கும்.

எடுக்கிற வழி: பட்டா ஆன நிலமா இருந்தா அமெரிக்க நில மேலாண்மைத் துறையோட இணையத்துல பேர் போட்டுத் தேடலாம், இலவசம். அதுல வர்ற செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் மூணையும் குறிச்சுக்கணும். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதுல 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். கால் செக்‌ஷன்தான் அந்த 160. இந்த எண்களை வச்சு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நாட்ஃப் 84 படிவத்துல கேட்டா முழுக் கோப்பு நகல் வரும். பட்டாவோட நகல் மட்டும் வாங்கி ஏமாறாதீங்க. அதுல பேரும் சர்வே எண்ணும்தான், சரக்கெல்லாம் கோப்புல.

எங்க தப்பு வரும்னா, தோத்தவன் இணையத்துல வரமாட்டான். அஞ்சு வருஷம் தாக்குப்பிடிக்காம விட்டுட்டுப் போனவனுக்குப் பட்டா இல்ல, அதனால தேடுனா 'இல்லை'ன்னு காட்டும். ஆனா ரத்தான கோப்பும் காப்பகத்துல இருக்கு, அந்தந்த நில அலுவலகத்துப் பதிவேட்டுல தேடணும். ரெண்டாவது, அஞ்சு வருஷம் காத்திருக்காம ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முன்கூட்டியே வாங்குனவங்க உண்டு. அவங்களுக்குக் கோப்போட வகை வேற. மூணாவது, பென்ஸில்வேனியா, நியூயார்க் மாதிரிப் பழைய மாநிலத்துலயும் டெக்ஸாஸ்லயும் ஹோம்ஸ்டெட் நிலமே கெடையாது. டெக்ஸாஸ் தன் நிலத்தைத் தானே வச்சுக்கிட்ட மாநிலம். அங்க சான் பட்ரீசியோ, ரெஃபூகியோன்னு ரெண்டு அயர்லாந்துக் குடியேற்றம், 1830கள்ல மெக்ஸிகோ அரசு குடுத்த நிலம். அதுக்குத் தாள் டெக்ஸாஸ் நில அலுவலகத்துல இருக்கு, ஸ்பானிஷ் மொழியில.

நாலாவது, ஒரே பேரு. பாட்ரிக் மர்ஃபின்னு தேடுனா நம்ம ஊர்ல முத்துக்கருப்பன்னு தேடுற மாதிரி. பொண்டாட்டி பேரு, பக்கத்து நிலத்துக்காரன் பேரு ரெண்டையும் சேர்த்துத்தான் ஆளை உறுதிப்படுத்தணும்.

அப்புறம் 1890 மக்கள்தொகைக் கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. 1921 ஜனவரியில வாஷிங்டன் கட்டடத்துல தீப்பிடிச்சு சேதமாச்சு, மிஞ்சுனதையும் பிற்பாடு அழிச்சதுல அநேகமா எல்லாம் போச்சு. 1880க்கும் 1900க்கும் நடுவுல இருக்கிற அந்த இருபது வருஷப் பள்ளத்தை நிரப்ப நிலக்கோப்புதான் நாதி.


தாதுவருஷம்:

மேலே சொன்னதெல்லாம் அமெரிக்கக் கரை. அயர்லாந்துக் கரைக்குப் போக ஒரே சாவி டவுன்லாந்து பேர். நம் வருவாய்க் கிராமத்தைவிடச் சின்னது, உட்கடைக் கிராமம் மாதிரி. நாடு முழுக்க 60,000க்கு மேல். 1906 செப்டம்பருக்கு முந்தைய அமெரிக்கக் குடியுரிமைத் தாள்களில் பிறந்த இடம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று மட்டும் இருக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. டவுன்லாந்து பேர் கிடைப்பது கல்லறைக் கல்லில், சர்ச் கல்யாணப் பதிவில், இரங்கல் செய்தியில். இன்னொரு நல்ல இடம் பாஸ்டன் 'பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த 'காணாமல் போன நண்பர்கள்' விளம்பரங்கள். தம்பியைத் தேடும் அண்ணன் ஊர், பாரிஷ் (சர்ச் பங்கு), எந்த ரயில் வேலையில் கடைசியாகப் பார்த்தது என்று எல்லாம் சொல்லியிருப்பான்.

அயர்லாந்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளணும். 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகள் அநேகமாகச் சாம்பல். 1861, 1871 கணக்குகளை அரசே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போய்விட்டன. 1922க்கு முந்தைய கணக்குகளில் முழுசாக மிஞ்சியது 1901, 1911. இரண்டும் அயர்லாந்துத் தேசியக் காப்பக இணையத்தில் இலவசம். ஆகவே பஞ்சகாலத்து ஆளைத் தேட கிரிஃபித் மதிப்பீடுதான் (வரி போடுவதற்காக எடுத்த நில, வீட்டு மதிப்புக் கணக்கு, 1847 முதல் 1864 வரை). குடித்தனக்காரர், நிலச்சொந்தக்காரர், பரப்பு, வாடகை மதிப்பு. பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் என்று இருக்கும்: 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். அதற்கு முந்தைய தசமபாகப் புத்தகங்களில் (சர்ச்சுக்குக் கட்டும் வரிக் கணக்கு) ஐரிஷ் ஏக்கர் இருந்தால் கவனம், அது சாதா ஏக்கரில் 1.62 பங்கு. பிந்தைய கணக்கில் நிலம் பெருகிப்போச்சு என்று தப்பாக முடிவு கட்டியவர்கள் உண்டு. நம் பக்கம் குழிக்கணக்கு ஊருக்கு ஊர் மாறுவது தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை. கிரிஃபித்துக்குப் பிந்தைய திருத்தப் புத்தகங்களில் குடித்தனக்காரர் பேரை அடித்து, வேறு நிற மையில் புதுப் பேரும் வருஷமும் எழுதியிருப்பார்கள். அந்த வருஷத்தை ஒட்டி ஆள் இறந்திருப்பார், அல்லது கப்பலேறியிருப்பார்.

கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015இல் இலவசமாக வைத்தது, சுமார் 1880 வரை. பல லத்தீனில் இருக்கும்: ஜேக்கபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், யோவான்னெஸ் என்றால் ஜான். ஜேக்கப் என்றே படித்துவிட்டு 'எங்கள் ஜேம்ஸைக் காணோம்' என்பது எல்லாரும் செய்கிற தப்பு. எல்லா மதத்தாருக்கும் பிறப்பு இறப்புப் பதிவு 1864இல்தான் ஆரம்பம்.

பேர் வைக்கும் முறை நம்மோடு அப்படியே ஒட்டும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பேர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பேர். நமக்குப் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதானே. பிள்ளைகள் பேரை வரிசையாக எழுதினால் தாத்தா பாட்டி பேரை ஊகிக்கலாம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது: ஒரு தாத்தாவுக்கு நாலு மகன் என்றால் ஒரே ஊரில், ஒரே வயசில், ஒரே பேரில் நாலு பெயரன்கள்.

வயதுக்கு வருவோம். 1901இல் 58 என்று எழுதியவர் 1911இல் 71 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அது வேறு ஆள் என்று தள்ளாதீர்கள். 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது, 70 வயது ஆனவருக்குப் பணம். பிறப்புச் சான்று கிடையாது. அதனால் 1839 ஜனவரி 6 ராத்திரி அடித்த பெருங்காற்று நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். கையில் வைத்து ஒரு உருளைக்கிழங்கு தின்கிற வயசு அன்றைக்கு எனக்கு என்று ஊரில் பாதிப் பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். என் பேரைப் பார்த்தால் புரியும், நம் பக்கம் 'தாது வருஷப் பஞ்சத்துல கைப்பிள்ளை' என்று சொல்வதும் இதே கணக்குதான். 1876-77. ஆனால் தாது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும், 1936-37ம் தாதுதான். பஞ்சம் என்ற சொல் கூட வந்தால்தான் முந்தையது.


வைகைவடகரை:

எல்லாருக்கும் நன்றி. அரிஸோனாவும் டஃபி வெட்டும் எடுத்துக்கொள்கிறேன், அடங்கல் அண்ணன் சொன்ன நிலக்கோப்பு படத்தோடு. மறுபாதி? கண்டி, மலாயா போனவர்களுக்கு இப்படி ஏதாவது தாள் இருக்கிறதா? டிஎன்ஏ சோதனை எடுத்தால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார், சரியா?


மண்டபம்ரோடு:

எந்தச் சீமைக்குப் போனார், எந்த முறையில் போனார் என்பதைப் பொறுத்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீஷியஸ் போல ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு எழுத்து மிக நன்றாக இருக்கிறது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒன்றரை லட்சத்துச் சொச்சம் பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்துதான் கிளம்பியது. பேர், தகப்பன் பேர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், சாதி, உயரம், அங்க அடையாளம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண் கிடைத்தால் பேரைக் காட்டிலும் அதுவே கெட்டி, பிற்காலத் தாள் எல்லாவற்றிலும் அதுவே வரும். மொரீஷியஸுக்கு மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேட்கணும்.

கண்டிக்குப் போனவர்கள் பெரும்பாலும் கங்காணி கூட்டிப் போனவர்கள். ஒப்பந்தக் கூலிக்கு இருக்கிற மாதிரித் தனித்தனிப் பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். கங்காணி பேரும் தோட்டத்துப் பேரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் கங்காணி தன் ஊர், தன் சொந்தம் சுற்றியே ஆள் சேர்ப்பார். கங்காணியின் ஊர்தான் பெரும்பாலும் கூலியின் ஊர், அல்லது அதற்கு ஐந்து பத்து மைலுக்குள். தோட்டத்தில் செக்‌ரோல் (கூலிகளின் பேர்ப் பதிவேடு) இருந்திருக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கடனைக் காட்டும் 'துண்டு' என்ற சீட்டுக் கொடுப்பார்கள். வீட்டுப் பெட்டியில் தகர வில்லை ஒன்று எண்ணோடு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிவிட்ட அடையாளம் அது, எந்தத் தோட்டத்துக்கு என்று அதில் குறி இருக்கும். தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் 1914இல் தொடங்கியபின் மண்டபம் முகாமில் நோய் பரவாமலிருக்கத் தனிமைப்படுத்தி வைத்து, அம்மை குத்தி அனுப்பினார்கள்.

திரும்பி வந்தவர்களுக்கு நிலைமை மேல். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களிடம் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். குடும்பத்தார் அத்தனை பேரும் உறவு முறையோடு அதில் வருவார்கள். அதில் எழுதிய சொந்த ஊரைக் கவனமாகப் பாருங்கள். இரண்டு தலைமுறை தோட்டத்தில் பிறந்தவர் சொன்ன ஊர் அது. தாத்தா சொல்லக் கேட்ட உச்சரிப்பு, குமாஸ்தா எழுதிய எழுத்து.

மலாயாவுக்கு ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழி. 1938இல் உதவித்தொகைக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு போனதாகச் சொன்னால் சொந்தச் செலவில் போனவரா என்று பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி 'மதுரை ஜில்லா' என்ற இரண்டு சொல். 1910க்கு முன் அது ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களையும் சேர்த்தது. திண்டுக்கல் பிரிந்தது 1985இல், தேனி அதற்கும் பின்னால். ஆகவே 1895இல் 'மதுரை' என்று எழுதியவர் பழனிக்காரராகவோ பரமக்குடிக்காரராகவோ கம்பத்துக்காரராகவோ இருக்கலாம். தாலுகாவும் அப்படியே. உசிலம்பட்டியை அந்தக் காலத்தில் திருமங்கலம் தாலுகாவில்தான் தேடணும். அமெரிக்காவிலும் இதே தொல்லை உண்டு. 1889க்கு முன் வடக்கு தெற்கு டகோட்டா என்று இரண்டு கிடையாது, கவுன்டிகளும் உடைந்துகொண்டே இருந்தன. எழுதிய வருஷத்து எல்லையை வைத்துத் தேடணும், இன்றைய வரைபடத்தை வைத்து அல்ல.

ஊர் தெரிந்தபின் இங்கே பார்க்க வேண்டியது: தாலுகா அலுவலகத்தில் பழைய அ-பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு, மானிய நிலம் என்றால் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய ஒத்தி, கிரயப் பத்திரங்கள். கப்பலுக்கு முந்தைய மாதங்களில் ஒத்தி வைத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். கிராமக் கர்ணம் பதவி 1980இல் போனபோது கணக்குகள் தாலுகாவுக்குப் போயின, எல்லா ஊரிலும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. சேசு சபையார் ஊர்களுக்கு செண்பகனூர் ஆவணக் காப்பகம். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834 முதல் இங்கே இருந்தது, அவர்கள் சபைகளுக்குத் தனிப் பதிவுகள்.


ஓலைக்கட்டு:

டிஎன்ஏ பற்றிக் கேட்டீர்களே. நேர் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிக்குள் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும், சராசரி 850 சென்டிமோர்கன் சுமார் (பொதுவான டிஎன்ஏ துண்டுகளை அளக்கும் அலகு அது). மூன்றாம் தலைமுறைப் பங்காளிக்கு (ஆங்கிலத்தில் தேர்டு கசின்) 70 சொச்சம். நான்காம் தலைமுறைக்குப் போனால் ஒன்றுமே ஒட்டாமல் போவதும் உண்டு, அதனால் 'பொருத்தம் இல்லை' என்பது உறவு இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. இந்தக் கணக்கு சொந்தத்தில் கட்டாத சனத்துக்கு. நம்மிடம் மாமன் மகள், அக்கா மகள் கட்டி வந்த வீட்டில் ஒரே ரத்தம் இரண்டு மூன்று வழியாக வரும். அட்டவணையில் இரண்டாம் தலைமுறை என்று காட்டினால் உண்மையில் நான்காக இருக்கலாம். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு மிக நீளமான ஒரே துண்டின் அளவைப் பாருங்கள். கிட்டத்துப் பொது முன்னோர் என்றால் நீளத் துண்டுகள் இருக்கும், பழைய உறவு திரும்பத் திரும்பச் சேர்ந்தது என்றால் ஏழு எட்டு சென்டிமோர்கனில் பொடிப் பொடியாக நிறைய இருக்கும். அயர்லாந்தின் தீவு, மலைப் பாரிஷ்களிலும் இதே குழப்பம்தான்.

சோதனை எடுப்பதானால் வீட்டிலேயே மூத்த தலைமுறையில் உயிரோடு இருப்பவரிடம் எடுங்கள், பேரப்பிள்ளையிடம் எடுத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி பாதியாகப் போய்விடும். எச்சில் எடுக்க அரை மணி முன்பே வெற்றிலை பாக்கை நிறுத்தி வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.